கமலாம்பிகை ரொறன்ரோவை விட்ட வருடம்

கென்னடி வீதியில், ஒரு கொத்துரொட்டிக் கடைக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் நடுவில் றொபேட்டின் பேஸ்போல் காட் கடை இருக்கிறது. சனிக்கிழமை மத்தியானம் எட்டிப் பார்த்தால், நீட்டு மேசையைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு ஆம்பிளைகள் இருப்பார்கள். தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டவன், வயிறு மேசையில் முட்டுகிறவன், ஜமேய்க்காக்காரன், இத்தாலிக்காரன் என்று பல ரகம். அவர்களுக்கு நடுவில், கடைக்காரரின் வலக்கைப் பக்கத்துக் கதிரையில், சேலைக்கு மேலே தடித்த ஸ்வெற்றர் போட்டுக்கொண்டு ஒரு யாழ்ப்பாணத்து அம்மா இருப்பார். வழி தவறி வந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மேசையிலேயே பழைய ஆள் அவர்தான். பெயர் கமலாம்பிகை.

அங்கே நடப்பது இதுதான். பேஸ்போல் விளையாட்டுக்காரரின் படம் போட்ட காட்டுகள் உறை உறையாக வரும், உறைகள் பெட்டி பெட்டியாக வரும். ஒரு பெட்டியைத் தனியாக வாங்கினால் வீட்டில் சண்டை வரும். ஆகவே நம்முடைய ஆட்கள் சீட்டுப் பிடிக்கிற மாதிரி எல்லோரும் பங்கு போடுவார்கள். ஆளுக்கு ஒரு அணி, சிலர் இரண்டு மூன்று என்று பிரித்துக்கொள்வார்கள். பிறகு றொபேட் எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால் பெட்டியை உடைத்து, உறையைக் கிழித்து, காட்டுகளை ஒவ்வொன்றாகப் போடுவார். பொஸ்ரன்காரனின் படம் வந்தால் பொஸ்ரனைப் பிடித்தவருக்கு, சிகாகோக்காரன் வந்தால் சிகாகோவைப் பிடித்தவருக்கு. ஒருவருக்கு அள்ளிக் கொட்டும். இன்னொருவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார். முகத்தை நீட்டக் கூடாது, அதுதான் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒரு அணியைப் பிடித்தவர் தானாக விடுகிறேன் என்று சொல்லும் வரைக்கும் அது அவருக்குத்தான். ரொறன்ரோ நகரத்தில் ரொறன்ரோ அணியைப் பிடிக்க ஆசைப்படாதவன் யார்? மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் புளூ ஜேஸ் என்கிற அந்த அணி மேல் கண். ஆனால் றொபேட் கடை திறந்த முதல் சனிக்கிழமையே கமலாம்பிகை வந்து ரொறன்ரோவைப் பிடித்துவிட்டார். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டும் அசையவில்லை. இரண்டு அணி தருகிறேன், மூன்று தருகிறேன் என்று இத்தாலிக்காரன் கெஞ்சிப் பார்த்தான். அவர் காது கேளாதவர் மாதிரி தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தார்.

இந்த மனுசிக்கு இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று கேட்பீர்கள். ஒரு ஹோட்டல் சலவை அறையில் பிடித்தது. வந்த புதிதில் நகரத்து நடுவில் இருந்த ஒரு பெரிய ஹோட்டலில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. கூட வேலை செய்த பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி எந்நேரமும் ரேடியோவில் பேஸ்போல் கேட்பாள். விளையாட்டைச் சொல்லுகிறவன் ஆறுதலாகச் சொல்லுவான். நெடுநேரம் ஒன்றுமே நடக்காது. அதனால் கமலாம்பிகைக்கு அவனுடைய இங்கிலீஷ் பிடிபட்டது. வகுப்புக்குப் போய் வராத இங்கிலீஷ் விரிப்பு மடித்து மடித்தே வந்தது. அதோடு அந்த விளையாட்டுக்கு மணிக்கூடு இல்லை என்பதும் அவருக்குப் பிடித்துப் போயிற்று. நேரம் முடிந்தது, வீட்டுக்குப் போ என்று யாரும் விசில் அடிக்க மாட்டார்கள். எவ்வளவு பின்னால் நின்றாலும் கடைசி ஆள் அவுட் ஆகும் வரைக்கும் வெல்ல வழி இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வருடம் ரொறன்ரோ சம்பியனாக வந்தது. இரண்டாம் தரம் வென்று நகரமே வீதியில் நின்று கூத்தடித்த அந்த இரவில், கமலாம்பிகையும் வேலை முடிந்து சனத்தோடு சனமாக நின்றார். வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் இந்த ஊர் தன்னுடையது என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த நாள் முதலாவது காட் உறையை வாங்கினார்.

கணவர் மாரடைப்பில் போய்ச் சேர்ந்த பிறகு, மகள் நிலாணியை வளர்த்துக்கொண்டு டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருந்தார். கலியாண வீடுகளில் மற்றப் பெண்கள் விட்பியில் வாங்கிய வீட்டைப் பற்றியும் மகன் எடுத்த காரைப் பற்றியும் கதைப்பார்கள். கமலாம்பிகையிடம் கதைக்க அல்பம்தான் இருந்தது. வயது போன காலத்தில் பெடியள் விளையாடுகிற படத்தைச் சேர்க்கிறாளாம் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த தம்பி நவரட்ணம் கூடப் போனில் பகிடி பண்ணுவான். அவன் பண்ணினால் அவருக்குக் கோபம் வராது, இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அல்லவா.

அந்தக் கமலாம்பிகைதான் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, மாசிக் குளிருக்குள், றொபேட்டுக்குப் போன் எடுத்து, ரொறன்ரோவை விடுகிறேன் என்று சொன்னார். மேசையில் இருந்தவர்கள் இன்றைக்கும் அம்மாவுக்கு அப்போது ஏதோ வருத்தம், உடம்புக்கு முடியவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

உடம்பில் வருத்தம் ஒன்றும் அவருக்கு இல்லை. வன்னியில் சண்டை இறுகி, கிளிநொச்சி விழுந்து, சனம் மூட்டை முடிச்சோடு கிழக்கே கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. நவரட்ணம், மனைவி பேபி, அவர்களுடைய ஒரே மகள், மூன்று பேரும் அந்தச் சனத்துக்குள். மார்கழியில், திருவெம்பாவைக் காலத்தில், அவன் ஒருதரம் கதைத்தான். அவசரமாக, இரைச்சலுக்குள், சுகமாக இருக்கிறோம் என்று மட்டும் சொன்னான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

தைப்பூசத்தன்று கமலாம்பிகை முருகன் கோயிலுக்குப் போனார். கோயிலில் நிற்க இடமில்லை. எல்லோரும் நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மீன், இறைச்சி, மச்சம் எல்லாம் விட்டாள், ஒருத்தி தலைமயிரைக் கொடுக்கிறேன் என்றாள், ஒருவர் காவடி எடுக்கிறேன் என்றார். நேர்த்தி என்றால் உயிருக்குப் பிரியமானதைக் கொடுக்க வேண்டும், வேண்டாததைக் கொடுத்து முருகனை ஏமாற்ற ஏலாது. கமலாம்பிகை பிறந்ததிலிருந்து சைவம், விட மச்சம் இல்லை. நகைநட்டில் ஆசை இல்லை. உள்ளே தேடிப் பார்த்தால் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தம்பி நவத்தின் குரலைக் கேட்கும் வரைக்கும் காட்டைக் கையால் தொடமாட்டேன் என்று கும்பிட்டார். முருகனுக்கு பேஸ்போல் தெரியுமோ என்னவோ, அந்த மனுசி சொன்னதில் பொய் இல்லை என்பது தெரிந்திருக்கும்.

றொபேட் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் யாழ்ப்பாணத்து ஆள்தான், குருநகர்க்காரர். வேதக்காரர், கிறிஸ்தவர் என்றாலும் நேர்த்தி தெரியாத ஆளா? அந்த வருடம் ஒரு தமிழ் ஆள் ஏதாவது ஒன்றை விட்டால் இன்னொரு தமிழ் ஆள் ஏன் என்று கேட்கிற வழக்கமும் இல்லை. இத்தாலிக்காரன் ஆசையோடு வாயைத் திறந்தபோது, ரொறன்ரோவைக் கடை பார்த்துக்கொள்ளும் என்று சொல்லி றொபேட் அவன் வாயை அடைத்துவிட்டார்.

பிறகு வீதிப் போராட்டங்கள் தொடங்கின. நிலாணி பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டுக் கொடியும் பதாகையுமாக யூனிவேர்சிற்றி அவெனியூவில் நின்றாள். வேலை முடிய கமலாம்பிகையும் போவார். ஆயிரக்கணக்கான சனம், குழந்தைப் பிள்ளைகளின் தள்ளுவண்டிகள், பிளாஸ்கில் தேத்தண்ணி, தொண்டை கட்டிய பெடியள். கார்க்காரர்கள் கோபத்தில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவார்கள். எங்களுடைய ஆட்கள் சாகிறார்கள் என்று இங்கிலீஷில் எழுதிப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது, அந்த மனுசிக்கு அவமானமாகவும் இருக்கும், நிற்காமல் விட்டால் அதைவிட அவமானமாகவும் இருக்கும். சித்திரை வருடப் பிறப்பு வந்தது. யாரும் கொண்டாடவில்லை.

அந்தக் கிழமைதான் அது நடந்தது. சனிக்கிழமை, நல்ல மழை. போராட்டத்தில் நின்று கால் வீங்கி, பஸ்ஸுக்காகக் கென்னடி வீதியில் நனைந்துகொண்டு நின்ற கமலாம்பிகையை றொபேட் கண்ணாடிக்குள்ளால் கண்டுவிட்டார். ஓடிவந்து, உள்ளே வந்து இருங்கோ அக்கா, பஸ் வரச் சொல்லுறன் என்று கூட்டிக்கொண்டு போனார். உள்ளே பெட்டி உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய கதிரை வெறுமையாக இருந்தது. அதில் இருந்தார். வேறு எங்கே இருப்பது? ஒருவர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். ஜமேய்க்காக்காரன், அம்மா வந்தால்தான் பெட்டிக்கு ராசி என்றான்.

றொபேட் உறையைக் கிழித்தார். சியாற்றில், ஹியூஸ்ரன், மறுபடியும் ஹியூஸ்ரன். பிறகு அவர் கை நின்றது. புளூ ஜேஸ். புதிதாக வந்த இடக்கைப் பெடியன் ஒருத்தன், நீல மையால் அவனே கையெழுத்துப் போட்ட காட். வருடக் கணக்காக ரொறன்ரோவுக்கு அப்படி ஒன்று விழுந்ததில்லை. மேசை முழுக்க ஆரவாரம். றொபேட் பழக்கதோசத்தில் அதை வலக்கைப் பக்கம் நீட்டினார். கமலாம்பிகையின் கையும் பழக்கதோசத்தில் போய் வாங்கியது.

வாங்கினது மட்டுமில்லை. வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். கையெழுத்தின் வாலை விரலால் தடவினார். ஜமேய்க்காக்காரன் ஏதோ பகிடி சொன்னான், அவர் வாய்விட்டுச் சிரித்தார். எவ்வளவு நேரம் என்று அவருக்கே தெரியாது. அந்த நேரம் முழுக்க அவருக்கு வன்னி இல்லை, நவம் இல்லை, மழை இல்லை. சந்தோசமாக இருந்தார், அவ்வளவுதான். பிறகு எல்லாம் சேர்ந்து ஞாபகம் வந்தது. காட்டை மேசையில் வைத்துவிட்டு, தேத்தண்ணியைக் குடிக்காமல், மழைக்குள் இறங்கி நடந்தார். றொபேட் பின்னால் ஓடிவந்து கூப்பிட்டதற்கும் நிற்கவில்லை.

திங்கட்கிழமை விடிய ரீவியில், வன்னிச் சனம் கடைசியாக ஒதுங்கியிருந்த புதுமாத்தளன் வந்தது. ஆமி உள்ளே உடைத்துக்கொண்டு போய்விட்டது. சனம் இடுப்பளவு தண்ணிக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. எத்தனை பேர் செத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கமலாம்பிகை அரைவாசி வெட்டிய போஞ்சிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ரீவியின் முன்னால் நின்றார். சனிக்கிழமை நான் தொட்டேன், திங்கட்கிழமை அங்கே உடைந்தது. அவருடைய மனம் அப்படித்தான் கணக்குப் பார்த்தது.

நீங்கள் சிரிக்கலாம். படித்த ஆட்கள், ஒரு கடதாசிக்கும் அங்கே வந்து விழுகிற ஒரு செல் குண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேளுங்கள். ஆனால் அந்த வசந்தத்தில் இந்த நகரத்தில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் இப்படி ஒரு கணக்கு இருந்தது. ஒருவர் பிள்ளையின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டிவிட்டார், அந்தக் கிழமை மைத்துனன் போய்விட்டான். ஒருத்தி புது சோபா வாங்கிவிட்டாள், அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குச் செல் விழுந்தது. சண்டையை நிறுத்தக் கையாலாகாத சனம், யார் மேலாவது குற்றம் போட வேண்டுமே என்று தன் மேலேயே போட்டுக்கொண்டது. கமலாம்பிகை இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மகளுக்குக் கூட இல்லை.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. முடிந்தது என்று ரீவி சொன்னது. நிலாணி சப்பாத்தையும் கழற்றாமல் தரையில் இருந்து, 'இற்ஸ் ஓவர், அம்மா' என்று மட்டும் சொன்னாள். ஒப்பாரி வைக்கவும் வழியில்லை. செத்தது நிச்சயமென்றால் அழலாம், இருக்கிறது நிச்சயமென்றால் கும்பிடலாம். இது இரண்டுமில்லை. கமலாம்பிகை வேலைக்குப் போனார், வந்தார், சமைத்தார். படுக்கப் போகும்போது ஒரே ஒரு யோசனை: நவம் இருக்கிறானா, இல்லை என்றால் அது என்னாலா?

ஆனி மாதம், ஒரு காலைநேரம், போன் அடித்தது. வவுனியா நம்பர், தப்பி வந்த சனத்தை ஆமி முகாமில் அடைத்து வைத்திருந்த இடம். முகாமுக்குள் யாரோ ஒளித்து வைத்திருக்கிற கைப்போன் என்றும், கனநேரம் கதைக்க ஏலாது, நீங்கள் திருப்பி எடுங்கோ என்றும் ஒரு ஆம்பிளைக் குரல் சொல்லிவிட்டு வைத்தது. கமலாம்பிகை உடனே திருப்பி எடுத்தார்.

"மச்சாள், நான் பேபி."

மகள் தன்னோடு இருக்கிறாள் என்று பேபி சொன்னாள். காலில் ஒரு காயம், ஆறிவருகிறது. முகாமில் தண்ணிக்குத்தான் கஷ்டம். கூடாரத்துக்குள் வெயில் நிற்க விடாது. இப்படி எல்லாம் சொன்னாள். ஒரு பெயரை மட்டும் சொல்லவில்லை. கமலாம்பிகைக்கு விளங்கிவிட்டது. குசினிக் கதிரையை இழுத்து அதில் இருந்தார். இருக்கிறானா என்று அவர் கேட்கவில்லை.

"எப்ப, பேபி?" என்று கேட்டார்.

"பொங்கலுக்கு, மச்சாள். விசுவமடுவிலை."

"இந்தப் பொங்கலுக்கோ?"

"ஓம். பொங்கலண்டு பின்னேரம்."

தைப்பொங்கல். தைப்பூசத்துக்கு முன்னால். கோயிலில் கண்ணை மூடிக் கும்பிட்ட நேரம் நவம் ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்திருக்கிறான். காட்டைத் தொட்ட சனிக்கிழமை அவன் போய் மாதக் கணக்கு. கமலாம்பிகைக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. நெஞ்சில் ஏறியிருந்த பெரிய பாரம் ஒன்று கீழே இறங்கியது. என்னால் இல்லை, என்னால் இல்லை என்று உள்ளே ஒரு குரல் துள்ளியது. அடுத்த மூச்சிலேயே அந்தத் துள்ளலை நினைத்து அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. தூக்கி வளர்த்த பிள்ளை செத்த சேதி கேட்டு ஆறுதல்பட்ட அக்காவை எந்த ஊரில் கண்டிருக்கிறீர்கள்? அவர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு அழுதார்.

பேபி அழவில்லை. அவள் கதைக்கத் தொடங்கினாள். பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரலில், நிறுத்தாமல் கதைத்தாள். தரப்பாள் கொட்டிலுக்கு முன்னால் மூன்று கல்லு வைத்துப் பொங்கினோம் என்றாள். அரிசி கொஞ்சம் இருந்தது, சர்க்கரை கொஞ்சம் இருந்தது, தேங்காய் இல்லை. பிள்ளை தேங்காய்ப்பூப் போடாத பொங்கல் வேண்டாம் என்று அடம்பிடித்தாள். பக்கத்துக் காணியில் மரம் நின்றது. காலமையிலிருந்து செல் சத்தம் இல்லை.

"அவர் வேண்டாமெண்டவர், மச்சாள். நான்தான் போய் ஒரு தேங்காய் எடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு கலைச்சனான்."

இதை இவ்வளவு நாளும் ஒருவருக்கும் சொல்லவில்லை என்றாள். மகளுக்குச் சொல்ல ஏலாது, பிள்ளை தான் கேட்டதால்தான் என்று நினைத்துவிடும் என்றாள். நான் அனுப்பாவிட்டால் அவர் இருந்திருப்பார் என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள்.

கமலாம்பிகை அழுகையை நிறுத்தினார். அந்தக் குரலை அவருக்குத் தெரியும். சித்திரையிலிருந்து இரவு இரவாகத் தன் தலைக்குள் கேட்ட அதே குரல்தான். அவருக்கு ஒரு திகதி வந்து விடுதலை கொடுத்துவிட்டது. பேபிக்கு எந்தத் திகதி வந்து கொடுக்கும்? உன்னில் பிழையில்லை, விதி என்றெல்லாம் சொல்லலாம், சொன்னால் அவள் ஓம் ஓம் என்றுவிட்டுப் போனை வைப்பாள். அப்படிச் சொல்லிச் சமாதானமாகிற சாதி இல்லை நாங்கள்.

"இல்லை, பேபி. உன்னாலை இல்லை, என்னாலைதான்," என்றார் கமலாம்பிகை. "நான் மார்கழியிலை முருகனுக்கு நேத்தி வச்சனான். நவத்தின்ரை குரலைக் கேட்கும் வரைக்கும் என்ரை காட்டுகளைத் தொடமாட்டன் எண்டு. பொங்கலுக்கு முதல் நாள் தொட்டிட்டன். தொட்டுச் சிரிச்சனான். அதுதான்."

பச்சைப் பொய். வாழ்நாளில் கோயில் விசயத்தில் ஒரு சொல் கூட்டிச் சொல்லாத மனுசி, முருகனையும் இழுத்து வைத்து, மாதத்தை மாற்றி, சற்று முன் கையில் கிடைத்த விடுதலையைத் திருப்பிக் கொடுத்துச் சொன்ன பொய். சொல்லும்போது அது பொய்யாகவும் அவருக்குத் தோன்றவில்லை. தொட்டது உண்மை, சிரித்தது உண்மை.

அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை தண்ணி கேட்டு அழுதது.

"அந்தப் பந்தடிக்காரற்றை படமோ?" என்றாள் பேபி.

"ஓம்."

"உங்களுக்கென்ன விசரே, மச்சாள்?" பேபியின் குரலில் முதல் தடவையாகச் சூடு ஏறியது. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்கை கனடாவிலை இருந்து நீங்கள் ஒரு கடதாசிப் படத்தைத் தொட்டதுக்கு இங்கை செல் விழுமே? செல்லை அடிச்சவங்கள் இருக்கிறாங்கள், நீங்கள் ஏன் அதைத் தலையிலை போட்டுக்கொண்டு திரியிறியள்?"

கமலாம்பிகை மெதுவாகக் கேட்டார்.

"அப்ப தேங்காய்க்கு விழுமே, பேபி?"

கைப்போனின் சொந்தக்காரன், கெதியாய் முடியுங்கோ என்று சொல்லுவது கேட்டது. பிறகு பேபியின் விம்மல் ஒன்று கேட்டது, அதன் பின்னால் இன்னொன்று, பிறகு அவள் வாய்விட்டுக் கதறத் தொடங்கினாள். கைப்போன்காரனும் அதற்குப் பிறகு அவளை அவசரப்படுத்தவில்லை. கமலாம்பிகை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அழு பிள்ளை, அழு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பொங்கலுக்குப் பிறகு பேபி அழுதது அன்றைக்குத்தான்.